கீழே பல், மேலே ஒட்டகம்

எங்கள் சித்தி ஒரு தும்மல் போட்டால் மூன்று நாடுகளில் அழுதுகொண்டிருக்கும் குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு, யார் அது என்று திரும்பிப் பார்க்கும். மனசு படித்த டாக்டர்கள் மாநாடு போட்டால், மேடையில் நடு நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டு, சித்தி துணி காயப்போட்டு முடித்து வரும்வரை கைகட்டிக் காத்திருப்பார்கள். அடம் பிடிக்கிற பிள்ளையைச் சித்தி ஒரு பார்வை பார்த்தால், அடம் தானே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடும்.

இப்பேர்ப்பட்ட சித்தி சம்பளத்துக்கு என்ன வேலை செய்கிறாள் என்றால், பொம்மை கழுவுகிறாள்.

சரி, பொம்மை மட்டும் இல்லை. குழந்தைகள் மனநல மையம் ஒன்றின் முன்னறை முழுக்க அவள் ராஜ்ஜியம். வருகிறவர்களை உட்காரவைப்பது, அப்பா அம்மா உள்ளே டாக்டரோடு பேசும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, கடிக்கிற பிள்ளையையும் கடிபடுகிற பிள்ளையையும் ஆளுக்கொரு மூலையாகப் பிரிப்பது, மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு வரமாட்டேன் என்கிறவனோடு தானும் மேஜைக்கு அடியில் போய் உட்காருவது. இந்தக் கடைசி வேலை சொல்லத்தான் சுலபம். சித்தியின் உடம்புக்கு அந்த மேஜை பத்தாது. ஒருமுறை மேஜையை முதுகில் சுமந்தபடியே எழுந்து நின்றுவிட்டாள். உள்ளே இருந்த பயல் சிரித்த சிரிப்பில் டாக்டரம்மா பேனாவும் கையுமாக ஓடி வந்துவிட்டார்.

அந்த முன்னறையில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. எந்த வீட்டுப் பிள்ளை எதற்கு வந்திருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்குத் தெரிய வேண்டாம் என்றுதான். வாசலில் ஒரு கூடை இருக்கும். அதில் கயிறு கோத்த அட்டைகள், அட்டைக்கு ஒரு மிருகம். பிள்ளைகள் பிடித்ததை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். "முயலு, நீ உள்ள போ. புலிக்குட்டி, கொஞ்சம் இரு கண்ணா, யானை இன்னும் வெளிய வரல." எல்லா மிருகத்துக்கும் ஆள் உண்டு, ஒட்டகத்தை மட்டும் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். பாவம் என்று சித்தியே அதை எடுத்து மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அங்கே வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவள் ஒட்டகக்கா.

தெருவில் அவளுக்கு வேறு பேர். பல் ஆஸ்பத்திரிக்காரம்மா.

பழியைக் கட்டடத்தின் மேல் போடலாம். கீழ்த்தளத்தில் பல் ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கவாட்டுப் படியேறினால் மையம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எதிர்வீட்டுக்காரம்மா எங்கே வேலை என்று கேட்டபோது, "அந்தப் பல் ஆஸ்பத்திரி இருக்குல்ல" என்பது வரைக்கும் சித்திக்கு வாய் வந்தது. "அதுக்கு மேல மாடியில" என்பது வரவில்லை. வந்திருந்தால் அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும்: "பைத்தியத்துக்குப் பாக்கிற இடமா?" அதற்கு அடுத்தது கேள்வியாகக்கூட இருக்காது, ஒரு பார்வைதான். வீட்டில் கல்யாண வயதில் மகள் இருக்கிறவள் அந்தப் பார்வையை வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளவா முடியும்?

பல் என்று சொல்லியாகிவிட்டது. தெருவில் யாருக்கு ஈறு வீங்கினாலும் சித்தி வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அவளும் விடமாட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, புருவத்தைச் சுருக்கி, "உப்புத்தண்ணில கொப்புளிங்க, கேக்கலைன்னா வாங்க" என்பாள். எல்லா வாய்க்கும் ஒரே மருந்து. பாதிப் பேருக்குக் கேட்கவும் செய்தது, அதுதான் வினை. மகளுக்கு இடம் அமைந்து சம்பந்தியம்மா முதல்முறை வீட்டுக்கு வந்தபோது, அவரும் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். உப்புத்தண்ணிதான்.

இப்போது நத்தை.

நத்தை அட்டையை எடுத்து மாட்டிக்கொள்கிற ஒரு சின்னப் பெண். வீட்டுக்குள் ரேடியோ மாதிரிப் பேசுவாள், வாசற்படி தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். பள்ளியில் ஒரு சொல் கிடையாது, கடையில் கிடையாது, சொந்த மாமா வந்தாலும் கிடையாது. திமிர் என்றார்கள் சிலர். "திமிர் இல்ல, பயம். தொண்டையைக் கவ்விப் பிடிக்கிற பயம்" என்றார் டாக்டரம்மா. சித்தியிடம் தனியாக ஒன்று சொன்னார்: "அவகிட்டக் கேள்வியே கேக்காதீங்க. இப்பப் பேசுவாளா, அப்பப் பேசுவாளான்னு மூஞ்சியைப் பாக்காதீங்க. நீங்கபாட்டுக்கு இருங்க."

சித்தி தன்பாட்டுக்கு இருப்பதில் கெட்டிக்காரி. சாயங்காலம் சோப்புத்தண்ணியில் பொம்மைகளை ஊறப்போட்டுவிட்டு, அதுகளோடு பேச ஆரம்பிப்பாள். "ஏன்டா கரடி, உன் மேல யாரு வாந்தி எடுத்தா? எங்க வீட்டு மனுஷன் மட்டும் என்னவாம், சட்டையைக் கழட்டினா கதவு மேலதான் போடுவாரு." நத்தை பக்கத்தில் ஒரு துண்டோடு வந்து நிற்கத் தொடங்கினாள். கழுவக் கழுவத் துடைத்து வைத்தாள். வாரங்கள் போயின. ஒருநாள் சித்தி ஒட்டகச்சிவிங்கியைத் தூக்கிப் பிடித்து, "உனக்கு ஒரு காதைக் காணோமேடா" என்றாள்.

"இருக்கு. மடங்கிருக்கு" என்று துண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

சித்தி திரும்பவில்லை. "அப்படியா? சரி" என்று சொல்லிவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். கண்ணில் சோப்புப் பட்டுவிட்டதாகப் பிறகு எல்லாரிடமும் சொன்னாள்.

அதற்கப்புறம் மாடி முழுக்க நத்தையின் குரல்தான். ஆனால் படி இறங்கினால் மறுபடி பூட்டு. "வெளிய ஒரே ஒரு ஆள்கிட்ட, தானா, ஒரு வார்த்தை. அது வந்துட்டாப் போதும். அவசரமே இல்ல" என்றார் டாக்டரம்மா.

மையத்தில் ஒரு சட்டம் உண்டு. வெளியே பிள்ளைகளைப் பார்த்தால் மையத்தில் வேலை செய்கிறவர்கள் தாங்களாகப் போய்ப் பேசக்கூடாது. அந்தக் குடும்பம் யாரோடு நிற்கிறதோ, என்ன சொல்லி வைத்திருக்கிறதோ. பிள்ளையே கூப்பிட்டால் மட்டும் நின்று, முகம் கொடுத்துப் பேச வேண்டும். சட்டத்தின் முதல் பாதி சித்திக்கு ரொம்பப் பிடிக்கும். இரண்டாம் பாதி அதுவரை அவளுக்குத் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது செருப்புக் கடையில். சித்தி, சம்பந்தியம்மா, பை தூக்குவதற்கென்று வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போன ஒரு ஆள். சித்தி ஒரு காலில் புதுச் செருப்பும் ஒரு காலில் ஒன்றுமில்லாமலும் கண்ணாடி முன்னால் நின்று, "குதிகால் கடிக்குமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி ஷூக்கள் அடுக்கியிருந்த பக்கத்திலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"ஒட்டகக்கா!"

கடை முழுக்கத் திரும்பியது. நத்தை. அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்து நின்றாள். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "ஒட்டகக்கா, எனக்கு ஷூ!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்ததோடு நிற்காமல், ஒட்டகம் மாதிரி உதட்டைப் பிதுக்கி அசைபோட்டும் காட்டினார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"உங்களையா கூப்பிடுது?" என்றார் சம்பந்தியம்மா.

சித்திக்குக் காது மடல் கொதித்தது. "என்னையா? இல்லையே. யாரும்மா நீ? ஆள் மாறிக் கூப்பிடுற" என்றாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். சிரிக்கவும் செய்தாள்.

நத்தையின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மூடியது. அவள் அம்மா பின்னாலேயே வந்து பிள்ளையின் தோளைப் பிடித்தார். சித்தியை நேராகப் பார்க்கவில்லை. "தப்பா நெனச்சுக்கிட்டா. மன்னிச்சுக்கோங்க" என்றார். மன்னிப்பு. அவர் கேட்டார், இவளிடம். ஷூ வாங்காமலேயே இருவரும் வெளியே போனார்கள்.

"நல்ல கணீர்க் குரலு அந்தப் பொண்ணுக்கு" என்றார் சம்பந்தியம்மா.

சித்தி அந்தச் செருப்பை வாங்கிவிட்டாள். குதிகால் கடித்தது. மாற்றித் தரச் சொல்லவில்லை, கடிக்கட்டும் என்று போட்டுக்கொண்டு திரிந்தாள்.

அடுத்தமுறை நத்தை வந்தபோது கூடையைத் தாண்டி நடந்தாள். அட்டை எடுக்கவில்லை. பொம்மைத் தொட்டிப் பக்கம் வரவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், மாடியிலும் பேச்சு நின்றுபோனது. டாக்டரம்மா அவள் அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டார். "தெரியலீங்க. தானா இப்படி ஆயிட்டா" என்றார் அந்த அம்மா. காட்டிக்கொடுக்கவே இல்லை. சித்தி கதவுக்கு வெளியே ஈரக் கரடியோடு நின்று அதைக் கேட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

எல்லாரும் போனபின் கரடியும் கையுமாகவே உள்ளே போனாள்.

"டாக்டரம்மா, அந்தப் புள்ள என்னைக் கடையில வெச்சுக் கூப்பிட்டா."

"கடையிலயா? வெளியிலயா?" டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "சத்தமாவா?"

"நல்ல சத்தமா."

அவர் முகம் மலர்ந்தது. கல்யாண வீட்டு விளக்கு மாதிரி மலர்ந்தது. சித்தி மீதியைச் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கரடியிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது. டாக்டரம்மா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "அவளுக்கு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது. அம்மாகிட்டக் கேட்டுட்டுச் செய்ங்க" என்றார். அப்புறம் ஒரு துணி எடுத்துத் தரையை அவரே துடைத்தார். அதைத்தான் சித்தியால் பார்க்க முடியவில்லை.

நத்தையின் அம்மாவைப் படியில் வைத்துப் பிடித்தாள். கையெடுத்துக் கும்பிடப் போனவளை அவர் தடுத்தார். "விடுங்கக்கா. எங்க மாமியார்கிட்ட நாங்களே சொத்தைப் பல்லுன்னுதான் சொல்லியிருக்கோம். மாசக்கணக்கா ஒரே பல்லுக்குப் போயிட்டு வர்றோம். கீழ எத்தனை பல்லு, மேல எத்தனை பல்லுன்னு இந்தப் படிக்குத்தான் தெரியும்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஆனா அவ சின்னப் புள்ள. அவளுக்கு அதெல்லாம் தெரியாதுல்ல."

"அதே கடையில நான் கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க. திங்கக்கிழமை வர்றோம், இன்னும் ஷூ வாங்கல. அவ திரும்பலைன்னா மனசு விட்டுறாதீங்க."

திங்கட்கிழமை சித்தி சம்பந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது என்று திட்டம். வழி முழுக்க வெயிலைப் பற்றிப் பேசினாள், வீட்டு வாடகை ஏறியதைப் பற்றிப் பேசினாள், எதிர்வீட்டு நாயின் குணத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசினாள். கடை வந்துவிட்டது. உள்ளே நத்தை ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

சித்தி கைப்பையைத் திறந்து ஒட்டக அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினாள். அவசரத்தில் அட்டை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. திருப்பிவிட்டாள்.

"நத்தைக்குட்டி!"

குரல் உடைந்துதான் வந்தது. கடை திரும்பியது.

"அன்னிக்கு உன்னைத் தெரியாதுன்னு சொன்னேன். அது பொய்யி. நான்தான் ஒட்டகக்கா. நீ சரியாத்தான் கூப்பிட்ட."

நத்தை பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். எழுந்து போய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டாள். அவ்வளவுதான். சித்தி இன்னும் கொஞ்ச நேரம் நடுக்கடையில் நின்றாள்.

வெளியே வந்ததும் சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். மாடி, மையம், அட்டை, எல்லாம். சம்பந்தியம்மா கன்னத்தில் கைவைத்தார். "அப்ப என் கடைவாய்ப் பல்லு?"

"எனக்குப் பல்லைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுங்க."

"அதான் ஆடிக்கிட்டே இருக்கு." கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "வேலையை மறைச்சீங்க, அது போகட்டும். நானும் கேட்டா ஏதாவது நெனச்சிருப்பேன், இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தக் கொழந்தையை என் முன்னால தெரியாதுன்னுட்டீங்களே சம்பந்தி. எனக்காகவா அப்படிச் சொன்னீங்க? எனக்குக் கேவலமா இருக்கு." சம்பந்தம் முறியவில்லை. ஆனால் அந்தக் "கேவலம்" சித்தி வீட்டுக்குள் வந்து இன்னும் போகவில்லை.

நத்தை மறுபடி அட்டை எடுக்கிறாள். தொட்டிப் பக்கமும் வருகிறாள். முன்பு இடித்துக்கொண்டு நிற்பாள். இப்போது நடுவில் இன்னொரு ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்று துடைக்கிறாள். பேசுவதில்லை. சித்தி கரடியோடும் ஒட்டகச்சிவிங்கியோடும் பேசுகிறாள், கேள்வி கேட்பதில்லை, திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் யாராவது கேட்டால் "மாடியில" என்கிறாள். சொல்லும்போது இப்போதும் காது மடல் சிவக்கிறது. அது வேலையை நினைத்துச் சிவப்பதில்லை.

இவ்வளவும் எழுதியதைச் சித்தியே வாங்கிப் படித்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். தும்மலுக்கு மூன்று நாடு போதாது, ஐந்தாகப் போடு என்றாள். மேஜை விஷயத்தை எடுத்துவிடச் சொன்னாள். செருப்புக் கடை வந்ததும் விரல் ஒரு வரியில் நின்றது.

"இங்க 'யாரோ களுக்கென்று சிரித்தார்கள்'னு இருக்கே. யாருடி அந்த யாரோ?"

"கடைன்னா நூறு பேரு இருப்பாங்க சித்தி."

"ஒட்டகம் மாதிரி உதட்டைப் பிதுக்கி அசைபோட, பை தூக்க வந்த கழுதையைத் தவிர வேற யாருக்குடி தெரியும்?"