அரை மணி நேரம்

மகளின் கணுக்காலில் தைலம் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் காரமான வாசனை என்னைப் பத்து வயதுக்கு இழுத்துப் போய் உப்பளத்து மைதானத்தின் ஓரத்தில் நிறுத்தியது.

அப்பா மில் அணிக்குக் கால்பந்து ஆடியவர். வீங்கிய முட்டியில் ஊசி போட்டு, "அரை மணி நேரந்தான், தாங்கிப்ப" என்று தன்னை ஆட இறக்கிவிட்ட பழைய கோச்சை, சாப்பிட உட்காரும்போதெல்லாம் திட்டுவார். அந்த ஆட்டத்தோடு அவர் கால் போயிற்று. பிறகு அதே அணிக்கு அவரே கோச் ஆனார்.

அன்று இறுதி ஆட்டம். இடைவேளையில், அப்பாவின் அணியில் ஆடிய சித்தப்பா முட்டி வீங்கி உட்கார்ந்திருந்தார்.

"முடியலண்ணே. வேற யாரையாவது எறக்கிவுடு."

அப்பா தைலத்தை அள்ளித் தேய்த்தார். கட்டுத்துணியின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

"அரை மணி நேரந்தான்டா, தாங்கிப்ப."

அப்பா வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

கோப்பை எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தது. சித்தப்பா அதன்பிறகு வீட்டுக்கு வரவே இல்லை. கடைத்தெருவில் எங்களைப் பார்த்தால் காலை இழுத்துக்கொண்டே எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

"இன்னும் இறுக்கிக் கட்டும்மா," என்றாள் மகள். "நாளைக்கு மேட்ச் இருக்கு. அரை மணி நேரந்தான், தாங்கிப்பன்னு தாத்தா சொன்னாரு."

நான் கட்டை அவிழ்க்கத் தொடங்கினேன்.