மலைமேல் ஒரு வரப்பு

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவேன். போனுக்குப் பூட்டு, பீரோவுக்குப் பூட்டு, கம்ப்யூட்டருக்குப் பூட்டு. கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். கள்ளக்குறிச்சி வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்தான். "திருடறதுக்கு இந்த வூட்ல இன்னா கீது?" என்பார் அத்தை. அவருக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குள் நான் ஒரு மலைநாடே வைத்திருந்தேன்.

வீடியோ கேமுக்கு நிலம் செய்யும் வேலை அது. முதலில் திரையில் வெறும் தட்டைத் தரை வரும். மவுஸை அழுத்தித் தேய்த்தால் மண் எழும்பும். வேறு பொத்தானைத் தொட்டுத் தேய்த்தால் பள்ளமாகும், சமமாகும். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. சாயங்காலம் வந்து மலை செய்வேன். என்னோடு கல்லூரியில் படித்த தியாகதுருகத்துக்காரன் ஒருவன் அதில் பாறையும் மரமும் வைப்பான். பெங்களூரு கம்பெனி ஒன்று எங்களிடம் ஒரு மாதிரி நிலம் கேட்டிருந்தது. பிடித்துவிட்டால் இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. சிக்கனத்துக்காக இருவரும் ஒரே கணக்கில்தான் நுழைவோம்.

மண்ணை ஊதா நிறத்தில் போட்டேன். குன்றுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். ஓர் அருவி முகட்டிலிருந்து விழுந்து, தரையைத் தொடாமல் வளைந்து, மறுபடி முகட்டுக்கே ஏறும். சரிவுகளை மட்டும் கல்வராயன் மலையிலிருந்து எடுத்தேன். அதற்காக வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிப் போய்ப் போட்டோ எடுத்தபோது ஒரு பெரியவர் வழிமறித்தார்.

"எந்த டிபார்ட்மென்ட்மா நீ?"

"டிபார்ட்மென்ட் இல்லீங்க. கேமுக்கு."

"வெளையாட்டுக்கு எவனாவது மலைய போட்டோ புடிப்பானா?"

கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, காய்ச்சுபவர்களைத் தேடிப் போலீஸ் ஏறி இறங்கிய மலை அது. என் பஸ் வரும்வரை அவர் நகரவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் போனைப் பிடுங்கியே பார்த்திருப்பேன்.

மாதிரியை அனுப்ப ஒன்பது நாள் இருந்தபோது ஒரு சாயங்காலம் பார்க்கிறேன், மேற்குச் சரிவில் மண்ணை வெட்டிச் சமமாக்கியதுபோல் ஒரு படி. என் கைதான் தவறியிருக்கும் என்று தேய்த்துச் சரிசெய்தேன். மறுநாள் அதே இடத்தில் இரண்டு படிகள், ஓரத்தில் மெல்லிய மேடு. அதற்கும் மறுநாள் மூன்று. கடைசியாகச் சேமித்த நேரம், பகல் பதினொன்றரை. அந்நேரம் நான் கடையில் ஆதார் அட்டைகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருப்பேன். அந்தக் கணக்கில் நுழையக்கூடியவன் இன்னும் ஒருவன்தான்.

என் வேலையைக் கெடுத்துவிட்டுத் தனியாக ஒன்றை அனுப்பப் பார்க்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். போன் போட்டேன்.

"என் மலையில எதுக்கு நீ கை வைக்கிற?"

"நான் பாறை மட்டும்தான் வச்சேன். இன்னா சொல்ற நீ?"

"பதினொன்றரைக்குத் தொறந்தது யாரு?"

"நாலு வருசமா தெரிஞ்சவன சந்தேகப்படறியா?"

"தெரிஞ்சவங்கதான் இதெல்லாம் செய்வாங்க."

"இனிமே மரத்தையும் நீயே நட்டுக்கோ" என்று வைத்துவிட்டான். மரமில்லாமல் மாதிரியை அனுப்ப முடியாது. எனக்கு மரம் வைக்க வராது. ஆனாலும் வீம்பு விடவில்லை. அன்றைக்கே கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் திறந்தால், நான்காவது படி.

அவன் இல்லை. அப்படியானால் யார்? அடுத்த நாள் தலைவலி என்று கடையில் சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கே வீட்டுக்கு வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓசைப்படாமல் அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

என் நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கட்டில்மேல் பாதி உரித்த மல்லாட்டை முறம், தோலும் வேர்க்கடலையுமாக. மூக்குக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்து, சமமாக்கும் பொத்தானை அழுத்தி நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பதறவில்லை.

"இந்தப் பரம்பு நல்லா கீதுமா. வயல சமமாக்க மாடே வேணாம்."

"கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு எப்பிடித் தெரியும்?"

"தெனமும் என் எதுருலதான அடிக்கிற? உன் கண்ணாலத் தேதி."

கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டால் போதும், அந்தக் கணக்கு என் திரையில் எப்போதும் திறந்தேதான் இருக்கும். மூன்று பூட்டுக்காரி நான். அத்தை பக்கத்தில் மல்லாட்டை உரிக்கும்போது விரலை மறைக்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"ஏன் அத்தை இப்பிடிப் பண்ணீங்க?"

"தண்ணி பூரா கீழ போய்க்கினு கீது. ஒரு வரப்பு இல்ல. பாத்துக்கினு சும்மா இருக்க முடில."

"இது பொய் மலை. இதுல எதுவும் வெளையாது."

"பொய்யா இருந்தா இன்னா? தண்ணி தண்ணிதான?"

அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "நீ இல்ல. மன்னிச்சிடு. என் மாமியார்தான்" என்றேன். அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"என்மேல பழி போட்டுட்டு, இப்ப மாமியார் மேல போடறியா? அவங்களுக்கு மவுஸப் புடிக்கத் தெரியுமா?"

அத்தையின் முகம் சுண்டிப்போனது. அவன் சொன்ன அதே காரணத்தால்தான் எனக்கும் இத்தனை நாள் அவர்மேல் நினைப்பே போகவில்லை.

"எல்லாரையும் சந்தேகப்பட்ட. ஒரே வூட்ல கீறேன், என்ன மட்டும் இன்னாத்துக்கு வுட்டுட்ட?" என்றார் அத்தை. கோபமாகத்தான் கேட்டார்.

பிறகு போன் பக்கம் திரும்பினார். "தம்பி, படம் தெரியிற மாதிரி வெக்கச் சொல்றேன். நீயே பாரு."

வீடியோ காலுக்கு மாற்றிப் போனைத் திரைக்கு நேராகப் பிடித்தேன். அத்தை கடைசிப் படிக்கு வரப்பு போட்டார். வடக்கே நேராக இழுத்தவர், தெற்கே ஓரிடத்தில் உள்ளே வளைத்து மறுபடி வெளியே எடுத்தார். வடகிழக்கே, சனி மூலையில், வட்டமாக ஒரு பள்ளம் தோண்டினார்.

"அது இன்னாம்மா, மூலையில?"

"கெணறு."

தெற்கே உள்வாங்கிய அந்த வரப்பை அப்போதுதான் அடையாளம் கண்டேன். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அத்தையின் நிலத்தில் அந்த வரப்பில் நடந்திருக்கிறேன். அந்த நிலத்தை விற்றுத்தான் இந்த வீட்டைக் கட்டினோம். விற்ற பிறகு அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

"கெணத்து மேட்டுல மரம் ஏதாச்சும் வெக்கட்டுமாம்மா?" என்றான் அவன்.

"புங்க மரம் வெய்யி. நெழல் வேணும்."

அவனுக்குப் புதுப் பாஸ்வேர்டை அனுப்பினேன். மரங்களை வைத்தான். வயல்களோடும் கிணற்றோடும் அப்படியே அனுப்பினோம். இருவருக்கும் வேலை கிடைத்தது. இன்றைக்கும் வேலையைத் தாண்டி என்னோடு பேசமாட்டான். அத்தையைத்தான் விசாரிப்பான்.

கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. ஆனால் அத்தை பக்கத்தில் இருக்கும்போது இப்போதெல்லாம் இடது கையால் மறைத்துக்கொண்டுதான் அடிக்கிறேன். அவர் மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார். முகத்தில் ஒரு பெருமை வரும்.