பதினாறாம் நாள் ஆர்லன்

கட்டைவிரலை நாக்கில் ஒரு தடவு, பக்கத்தில் ஒரு தட்டு. எங்கள் பதிவுப் புத்தகத்தை ஆர்லன் பிக்ஸ்பி இப்படித்தான் புரட்டுவார். திங்கட்கிழமை காலை நான் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே காப்பிக் குவளையோடு படியில் நிற்பார். "என்ன மார்வா, இந்த வாரம் யாரு தூங்கிட்டாங்க?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். பத்தொன்பது வருஷமாக இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் எச்சில் படாத பக்கம் ஒன்றைக் காட்டு என்றால் என்னால் முடியாது.

ஜூனிபர்வெல்லில் பாதி வீட்டுக்கு மலையில் ஒரு கிளைம் உண்டு. நிலம் அரசாங்கத்துடையது. கனிமம் கண்டவர் நாலு மூலையிலும் கம்பம் நட்டு, பெயர் எழுதிய சீட்டை டப்பாவில் போட்டு அங்கேயே வைத்து, எங்களிடம் வந்து பதிந்தால் தோண்டும் உரிமை அவருக்கு. அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குள், 'என்னிடம் பத்துக்கு மேல் கிளைம் இல்லை, நானே வேலை செய்கிறேன், கட்டணத்தை விலக்குங்கள்' என்று நில அலுவலகத்துக்கு மனு அனுப்பி, அதன் நகலை எங்கள் புத்தகத்திலும் பதிய வேண்டும். செய்த வேலைக்குச் சத்தியப் பத்திரமும் கொடுக்க வேண்டும். மனு தவறினால் உரிமை செத்தது. அடுத்து யார் கம்பம் நடுகிறாரோ அவருக்கே அந்த இடம். ஒன்றாம் தேதி முத்திரை விழுந்த கடிதம் வந்து சேர மட்டும் பதினைந்து நாள் பொறுத்துப் பார்ப்பார்கள்.

அந்தப் பதினைந்து நாளும் ஆர்லன் பியரைக்கூடத் தொடமாட்டார். பதினாறாம் நாள் பொழுது விடிந்ததும் வண்டியில் கம்பங்களை அடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மனுஷர் செத்தால் பதினாறாம் நாள் காரியம் நடப்பதுபோல, எங்கள் ஊரில் கிளைம் செத்தால் இவர் காரியம் நடத்துவார். அதனால் 'பதினாறாம் நாள் ஆர்லன்' என்று பெயரே விழுந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் அதை வண்டியின் பின்பக்கம் எழுதி ஒட்டிக்கொண்டார்.

இப்படிச் சேர்த்தது பத்து கிளைம். ஒன்று, மனுவில் தப்பான வருஷம் எழுதிவிட்ட ஒரு லாரி ஓட்டுநருடையது. இன்னொன்று, தம்பி அனுப்பியிருப்பான் என்று அண்ணனும், அண்ணன் அனுப்பியிருப்பான் என்று தம்பியும் இருந்துவிட்ட இரண்டு பேருடையது. ஒவ்வொன்றின் பெயரையும் விரல் மடக்கிச் சொல்லிக் காட்டுவதில் அவருக்கு அலாதி சுகம். பத்து விரலும் மடங்கியதும் இரண்டு முஷ்டியையும் என் மேசைமேல் வைப்பார். "நான் யாரையும் ஏமாத்தலையே மார்வா. சட்டம் தெரியாதது அவங்க குத்தம்" என்பார். பழைய சொந்தக்காரர்களே மறுபடி தோண்டிக்கொள்ளலாம், கிடைப்பதில் பாதி இவருக்கு. அது இவருடைய பெருந்தன்மை.

அவரிடமும் ஒரு மண்வெட்டி இருக்கிறது. கடையில் ஒட்டின விலைச்சீட்டு அதில் இன்னும் அப்படியே இருக்கிறது. 'பாதை சீர்செய்தேன், கற்களை அகற்றினேன்' என்று வருஷா வருஷம் சத்தியம் செய்து கையெழுத்துப் போடுவார். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுவிட்டு வருவதுதான் அந்த வேலை. "கையில ஒரு காய்ப்பைக் காட்டுங்க ஆர்லன், பாக்கலாம்" என்று ஒருமுறை கேட்டேன். நெற்றியைத் தட்டிக் காட்டினார். "காய்ப்பெல்லாம் இங்க இருக்கு."

லுவெல்லா டக்கெட்டுக்கு எழுபத்து நாலு வயது. மாக்பை குன்றில் முப்பத்தொரு வருஷமாக டர்குவாய்ஸ் என்கிற வானநீலக் கல் தோண்டி, நெடுஞ்சாலையோரம் மேசை போட்டு விற்கிறாள். அவளுக்கு அந்த ஒரு கிளைம்தான், வேறு பிழைப்புக் கிடையாது. போன வருஷம் ஆகஸ்டில் சரிவில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எழுதி முடித்த மனு சமையலறை மேசையிலேயே கிடந்துவிட்டது. அவள் நகல் வரவில்லையே என்று வீட்டுக்கு மூன்று முறை போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பக்கத்து வீட்டில் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை என்பது இன்றும் என்னை அறுக்கிறது.

பதினாறாம் நாள் ஆர்லன் மாக்பை குன்றில் இருந்தார்.

பத்து விரலும் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் பதினொன்றாவதை மனைவி வெர்னா பெயரில் பதிந்தார். 'இது என் மனைவியின் தனிச்சொத்து, எனக்கு இதில் எந்தப் பாத்தியதையும் இல்லை' என்று தனியாக ஒரு சத்தியப் பத்திரமும் சேர்த்தார். அப்படிச் செய்தால் தன் கணக்கு பத்திலேயே நிற்கும் என்று நினைப்பு. பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை முடித்து வந்த வெர்னா, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

லுவெல்லா ஊன்றி நடக்கும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய அன்றே இவர் வாசலில் போய் நின்றார்.

"நீ பாட்டுக்குத் தோண்டு லுவெல்லா. கல்லுல பாதி எனக்கு, அவ்வளவுதான்."

"டேய் ஆர்லன், அந்த மலையில நீ குனிஞ்சது உன் ஷூ லேசைக் கட்டத்தான்டா."

அவர் நட்டிருந்தது உள்ளே ஓட்டையான பிளாஸ்டிக் குழாய்கள். குருவிகள் உள்ளே இறங்கி, ஏற முடியாமல் செத்துப்போகும் என்று சட்டமே தடுத்த சாமான். சட்டம் தெரிந்தவர் அவற்றின் வாயை பியர் டப்பாவால் மூடியிருந்தார். அந்தக் குழாய்களுக்கு நடுவில், ஆறாத இடுப்போடு, குளிர்காலம் முழுக்க லுவெல்லா தோண்டினாள். சனிக்கிழமைதோறும் ஒரு வாளியில் பாதிக் கல் அவர் வீட்டுக்குப் போயிற்று.

இந்த வருஷம் ஆகஸ்ட் கடைசி வாரம் விலக்கு மனுவை நிரப்ப ஆர்லன் வந்தார். படிவத்தில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து அவர் பக்கம் திருப்பினேன். பத்து என்பது கணவன், மனைவி, சின்னப் பிள்ளைகள் எல்லோருடையதும் சேர்த்து; ஒன்று கூடினாலும் விலக்குக் கிடையாது, எல்லாவற்றுக்கும் கட்டணம். சொத்து யாருடைய தனிச்சொத்து என்று படிவம் கேட்கவே இல்லை. நாக்குக்குப் போன கட்டைவிரல் பாதி வழியில் நின்றது. அடுத்தவர் தேதியையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனுஷர், தன் படிவத்தை ஒருநாளும் முழுசாகப் படித்ததில்லை.

"ஒண்ண விட்டுடுங்க ஆர்லன். தீர்ந்துது."

"எதை?" பத்து விரலையும் விரித்துப் பார்த்தார். ஒன்றை வெட்டித் தரச் சொன்னது மாதிரி முகம் போயிற்று.

மறுநாள் அவரைப் பக்கத்து மேசையில் பார்த்தேன். அங்கேதான் கோர்ட் காகிதங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து கொடுக்கும் விவாகரத்து மனுவை வாங்கி, தன் இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் வந்த சொத்தெல்லாம் பாதிக்குப் பாதி பிரியும், தெரியுமில்ல?" என்று கேட்டாள் அந்த மேசை ஹார்ட்டென்ஸ். ஈ விரட்டுவதுபோலக் கையை ஆட்டினார். "சும்மா காகிதத்துக்குத்தானே! பொண்டாட்டி இல்லேன்னா அவ கிளைம் என் கணக்குல வராதில்ல. ஒண்ணாந்தேதிக்குள்ள முடியுமா, அதைச் சொல்லு."

வெள்ளிக்கிழமை வெர்னா வந்தாள், கூடவே நடைச்சட்டத்தோடு லுவெல்லா. மாக்பை குன்றை லுவெல்லாவுக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம், ஒரே பக்கம். புருஷன் சம்மதம் வேண்டுமா என்று முறைக்குக் கேட்டேன். அவருக்குப் பாத்தியதை இல்லை என்று அவரே சத்தியம் செய்த பத்திரத்தை வெர்னா மேசையில் வைத்தாள்.

"பீன்ஸ் வேக வெச்சுட்டிருந்தேன் மார்வா. வந்து பக்கத்துல நின்னான். 'ஒரு கையெழுத்துதான், சாப்பாடு படுக்கையெல்லாம் பழையபடிதான்'னான். முப்பத்தஞ்சு வருஷம்! ஒரு கல்லை விடமாட்டானாம், என்னை விடுவானாம்."

முத்திரையை ஓங்கிக் குத்தினேன். லுவெல்லா தன் விலக்கு மனுவை உறையிலிட்டு ஒட்டி, கையோடு கொண்டு வந்திருந்தாள். அவள் எதிர்த்த தபாலாபீசுக்குப் போய் அதில் தேதி முத்திரை விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது, ஆர்லனும் உள்ளே வந்தார்.

புத்தகத்தைப் பார்த்தார். விடுதலைப் பத்திரத்தை இரண்டு முறை படித்தார். முகம் வெளுத்தது, பிறகு மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அப்ப நம்மகிட்ட பத்துதான்! கணக்கு சரியாப் போச்சு! வெர்னா, உனக்கு இவ்வளவு மூளையா? அந்த விவாகரத்துக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுரு, இனிமே வேண்டாம்."

வெர்னா கைப்பையைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள். மடிப்பை நீவி மேசைமேல் விரித்தாள். "பேனா குடு மார்வா" என்று வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

"எல்லாம் பாதிக்குப் பாதிதானே ஹார்ட்டென்ஸ்?"

"சரிபாதி."

"பாதி ஒண்ணும் மோசமில்லடா ஆர்லன். பழகிரும்" என்றாள் லுவெல்லா.

ஆர்லன் இரண்டு கையையும் விரித்தார். கிளைம்களின் பெயரை வாய்க்குள் முணுமுணுத்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஐந்தாவது விரல் மடங்கியதும் நின்றார். விரித்தபடியே இருந்த மற்றக் கையை மெதுவாகக் கொண்டுபோய்க் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்.