ரிலீவர் வரும் வரை

அறுபதுகளின் தொடக்கத்தில், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளியே வரத் தொடங்கி ஓரிரு வருஷங்களே ஆகியிருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலை.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் இருக்கிற தண்ணீர் சும்மா இருக்காது, எந்நேரமும் மேலே முட்டிக்கொண்டே இருக்கும். சுற்றிலும் ஆழமாகக் கிணறு போட்டு இராப்பகலாக இறைத்தால்தான் கீழே ஆள் நின்று வேலை பார்க்க முடியும். அதனால் எங்களுக்கு இருந்த முதல் சட்டம் இதுதான்: ஷிப்ட் முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடக் கூடாது. ரிலீவர், அதாவது அடுத்த ஷிப்டுக்காரர், வந்து சேரும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அவர் வந்ததும் பம்ப் எப்படி ஓடியது, சத்தம் மாறியதா, சூடு ஏறியதா என்று எல்லாவற்றையும் வாயால் ஒப்பித்துவிட்டுத்தான் சைக்கிளை எடுக்க வேண்டும். மழையோ வெயிலோ, அதில் மாற்றம் கிடையாது.

நகரியத்தில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். பெயர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை, ஊர்ப்பெயர்தான். நான் கோவில்பட்டி. என்னோடு ஒரே குவார்ட்டர்ஸில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சேத்தியாத்தோப்புக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைப் போலவே பம்ப் ஆபரேட்டர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளை மிதித்து வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவார். இன்னொருவர் சேலத்துக்காரர், ஃபிட்டர். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் எனக்கு என்னவோ ஆனது. என்னவோ என்றுதான் அன்று சொல்ல முடிந்தது. தூக்கம் போயிற்று. சோறு வாயில் வைத்தால் மண் மாதிரி இருந்தது. சவரம் செய்யத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும் இல்லை. யாரும் சாகவில்லை, வேலைக்கு ஆபத்து இல்லை, காதல் கத்தரிக்காய் எதுவும் இல்லை. காரணம் இருந்திருந்தால் மற்றவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். மெஸ்ஸில் ஒருவர் கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். ஒருவர் மந்திரிக்கச் சொன்னார். ஆம்பிளை இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கலாமா என்று சூப்பர்வைசர் கேட்டார். நானும் அதையேதான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பகல் ஷிப்ட் முடிந்து எனக்கு ரிலீவராகச் சேத்தியாத்தோப்புக்காரர் வந்தார். எல்லாம் ஒப்பித்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி, வூட்டுக்குப் போவலியா?"

"போய் என்னண்ணே செய்யப்போறேன்" என்றேன்.

அவர் தன் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளினார். அவருடைய ஷிப்ட் முடியும் வரை நான் அங்கேயே இருந்தேன். மறுநாள் அவரே போய் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு வாங்கி வந்தார். மனது சரியில்லை என்று சொல்லி லீவு வாங்கும் வழக்கம் அப்போது இல்லை.

லீவில் அறையில் கிடந்தேன். இனி இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் முழுசாக வந்தது. அதில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. ரேஷன் கடைக்குப் போய்வர வேண்டும் என்பது மாதிரிச் சாதாரணமாக இருந்தது அந்த நினைப்பு. கொஞ்ச நேரம் தனியாக இருக்கக் கிடைத்தால் போதும் என்று காத்திருந்தேன்.

ஆனால் அந்தத் தனிமை கிடைக்கவே இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. சேலத்துக்காரர் அறைக்குள்ளேயே சைக்கிள் செயினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பெரிய பெரிய இயந்திரங்களையே பிரித்து மாட்டுகிற ஃபிட்டருக்கு அந்தச் செயின் மட்டும் நாள்கணக்காகச் சரியாகவில்லை. "என்னங்க மாப்ள, மாமியார் வூட்டுக்கு வந்தாப்ல படுத்திருக்கீங்க, அந்த ஸ்பேனரக் கொஞ்சம் எடுங்க" என்பார். அவர் போனால் சேத்தியாத்தோப்புக்காரர் வந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குவார். கல்லே இல்லாத அரிசி அது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்புவார் என்று பார்த்தால், சைக்கிள் டயர் சரியில்லை என்று தங்கிவிட்டார். அடுத்த ஞாயிறு இடுப்பு வலி என்றார். நான் குளிக்கப் போனால்கூட வெளியே யாராவது எதையாவது பாடிக்கொண்டு நிற்பார்கள்.

இரண்டு பேருமே வேலையில் இருக்கிற இடைவெளிக்கு டீக்கடை பாய் இருந்தார். எங்கள் பிளாக் முனையில் அவருடைய கடை. விடியற்காலையில் சேத்தியாத்தோப்புக்காரர் ஷிப்டுக்குப் போகும்போது என்னையும் எழுப்பி, "பாய் கடையில டீ குடிச்சிகினு இரு, சேலத்தாரு வந்து இட்டுகினு போவாரு" என்று விட்டுவிட்டுப் போவார். இராத்திரி ஷிப்ட் முடிந்து சேலத்துக்காரர் வருவதற்கு ஒரு மணி நேரம் போல ஆகும். பாய் என்னிடம் கிளாஸ் கழுவச் சொல்லுவார். நானும் கழுவுவேன். எதற்கு என்று யோசிக்கும் தெம்புகூட எனக்கு இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சேலத்துக்காரர் வரவில்லை. சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிவரும் பெல்ட் அறுந்துபோனதால் இராத்திரி ஷிப்ட் ஃபிட்டர்களை விடாமல் நிறுத்திவிட்டார்களாம். காலை போய் வெயில் ஏறியது. பாய் அடிக்கடி ரோட்டையே எட்டிப் பார்த்தார். உச்சி வேளை நெருங்கியதும் முகம் கை கால் கழுவினார், சட்டை மாற்றினார், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். பள்ளிவாசல் சைக்கிளில் போகிற தூரம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகையை அவர் விட்டு நான் பார்த்ததில்லை. மழை கொட்டினாலும் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்று தொப்பியைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் ரோட்டைப் பார்த்தார்.

"நேரமாச்சே பாய், கெளம்புங்க. நான் ரூமுக்குப் போறேன்" என்றேன்.

"ரிலீவர் வரணுமில்ல தம்பி" என்றார்.

சொன்ன பிறகுதான் வாய் தவறிவிட்டது அவருக்குத் தெரிந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். டீக்கடைக்கு ஏது ரிலீவர்? சுரங்கத்துக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனிதர் அவர்.

"யாருக்கு பாய் ரிலீவர்?"

அவர் ஒரு கிளாஸைத் துடைத்து வைத்தார். பிறகு, "நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க தம்பி. ஒங்கள ஒத்தயா வுடக் கூடாதுன்னு அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. ஆள் மாத்தாம யாரும் நகரக் கூடாதுன்னு சட்டம். நடுவுல நான் ஒரு மணி நேரம் பாத்துக்கறேன்னு ஒத்துக்கிட்டேன்" என்றார்.

தொழுகை நேரம் தாண்டிவிட்டது. பாய் கடைக்குப் பின்னால் பாயை விரித்து அங்கேயே தொழுதுகொண்டார். போகும்போது, "பால் பொங்கிடாமப் பாத்துக்குங்க" என்று எனக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டுப் போனார். நான் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாலைப் பார்த்தேனே தவிர, மனது செயினிலும் அரிசியிலும் ஊருக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் இருந்தது. என் கண் முன்னாலேயே பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இதுகூட முடியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

பகல் ஷிப்ட் விட்டு சேத்தியாத்தோப்புக்காரர் சைக்கிளில் வந்தார். என்னைக் கடையில் பார்த்ததுமே நடந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. இறங்கிப் பாயிடம் போனார். பாய் தாழ்ந்த குரலில், சுரங்கத்தில் நாங்கள் பம்பைப் பற்றி ஒப்பிக்கிற அதே ஒழுங்கில் என்னைப் பற்றி ஒப்பித்தார்.

"காலைல பன்னு தின்னாரு. மத்தியானம் சோறு வேணாம்னுட்டாரு. கிளாசெல்லாம் கழுவுனாரு. ஒரு தடவ சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"பால் பொங்குனப்ப."

"சரி பாய், நீ போ. நான் பாத்துக்கறேன்" என்றார் சேத்தியாத்தோப்புக்காரர். பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்து, "தொழுவப் போவலியா நீ?" என்று கேட்டார். பாய் குனிந்து அடுப்பைக் கிளறிவிட்டார்.

நான் அழுதேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள், இருந்தும் அழுதேன். அவர்கள் யாரும் என்னைப் பார்க்காத மாதிரி டீ குடித்தார்கள்.

சேத்தியாத்தோப்புக்காரர் என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டார். போகிற வழியில், வியர்வையில் நனைந்திருந்த அவர் முதுகைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். செத்துப்போகலாம் என்று நினைத்ததையும், அதற்குத் தனியாக ஒரு நேரம் கிடைக்காதா என்று காத்திருந்ததையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அவர் திடுக்கிடவில்லை, புத்தி சொல்லவில்லை. மிதித்துக்கொண்டே போனார். எங்கள் பிளாக்குக்குத் திரும்பும் இடத்தில் திரும்பாமல் நேராகப் போனார்.

"எங்கண்ணே?"

"டாக்டராண்ட. கூட இருக்க எங்களால முடியும் தம்பி. அதுக்கு மேல இன்னான்னு அவரு தான் சொல்லணும். இப்ப எங்கிட்ட சொன்னியே, அத அப்பிடியே அவராண்ட சொல்லு."

அப்படியே சொன்னேன். டாக்டர் வயதானவர், பொறுமையாகக் கேட்டார். இது சோம்பேறித்தனமும் இல்லை, பேய் பிசாசும் இல்லை, மஞ்சள்காமாலை மாதிரி இதுவும் ஒரு நோய், வைத்தியம் செய்தால் தீரும் என்றார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சேலத்துக்காரர் லீவு போட்டுக் கூட வந்தார். இரயிலில் வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தார், ஜன்னல் பக்கம் மட்டும் உட்கார விடவில்லை. குணமாக மாதங்கள் ஆயின. ஒருநாள் மெஸ்ஸில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று சண்டை போட்டேன். அன்றைக்குத்தான் சேத்தியாத்தோப்புக்காரர் ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, குவார்ட்டர்ஸ் மாறியது, பிள்ளைகள் படித்தார்கள். பாய் கடையைத் தன் மகனிடம் விட்டார். சேலத்துக்காரர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, நாங்கள் இருவரும் ரிட்டயர் ஆன பிறகு, சேத்தியாத்தோப்புக்காரரின் மனைவி இறந்துபோனார். காரியம் எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்தபோது போனேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை என்று மகன் சொன்னான். நான் முறத்தில் கொஞ்சம் அரிசி வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். வெகு நேரம் கழித்து அவர் முறத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பொழுது சாய்ந்ததும் மகன் வந்து, "கடைசி பஸ்ஸு போயிடுங்க, நீங்க கெளம்புங்க" என்றான்.

"எனக்கு அடுத்து யாருப்பா வர்றாங்க?" என்று கேட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. அவன் அப்பாவுக்கு விளங்கியது. அத்தனை நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்து, "ரிலீவர் வராம அவரு போவ மாட்டாருடா, படுக்கப் பாய எடுத்துப் போடு" என்றார்.

அன்று நான் அங்கேயே தங்கினேன். இப்போதும் மனது உடைந்து உட்கார்ந்திருக்கிற ஒருவரைப் பார்க்கப் போனால் என்ன ஆறுதல் சொல்வது என்று எனக்குத் தெரிவதில்லை. எனக்கு அடுத்து யார் வருகிறார்கள் என்று தெரியாமல் அங்கிருந்து எழுந்து வரவும் முடிவதில்லை.