திறக்காத ஜெபப் புத்தகம்

தம்போய்க் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்காரர் டியூபுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் 1930களின் ரெங்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அப்பா அங்கே கணக்கெழுதும் கிராணி. என் தங்கை காய்ச்சலில் இறந்த பிறகு, தாம் எழுதிய ஜெபங்களைப் புத்தகமாகப் போட்டார். கையிலிருந்த காசு அச்சுக்கூலிக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. சிங்கப்பூரிலிருந்து அச்சடித்த தாள்கள் ரயிலில் வந்தன. அம்மா ஊசிநூலால் தைத்தார். மழையில் நனையாமலிருக்க அப்பா அட்டைமேல் ரப்பர் பாலைப் பூசி, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தும் கொட்டகையில் அடுக்கினார்.

ஞாயிறு காலை அவசரமாக எடுத்துப்போய் ஆராதனையில் எல்லாருக்கும் கொடுத்தோம். வீடு திரும்பியதும், அம்மாவுக்கு வாசித்துக்காட்ட அப்பா ஒன்றை எடுத்தார். திறக்கவில்லை. ஓரமெல்லாம் பால் வழிந்து இறுகி, புத்தகம் செங்கல்லாகியிருந்தது. மிச்சமிருந்தவையும் அப்படியே.

"அலமாக்! எல்லாருக்கும் குடுத்துட்டோமே!" என்று பதறினார் அம்மா.

அடுத்த ஞாயிறு அப்பா தலை குனிந்தபடி கோயிலுக்குப் போனார். உபதேசியார் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கிராணி ஐயா, ரெண்டு தடவ படிச்சிட்டேங்க. அழுகைய அடக்க முடியல."

அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, புத்தகம் திறக்கவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

சைக்கிள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து என் பெட்டியைக் கிளறினேன். அப்பா கொடுத்த பிரதி அடியில் கிடந்தது, ஓரங்கள் ஒட்டியபடியே. இத்தனை வருஷத்தில் ஒரு பிளேடை எடுத்துக் கீறிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.