நமுத்த கம்பி

காலை எட்டரைக்கு வெல்டர்கள் வரிசையில் வந்து நிற்க, தெய்வநாயகி ஒவ்வொருவர் உள்ளங்கையையும் புரட்டிப் பார்க்கிறார். வியர்த்த கைக்கு உலர்ந்த கையுறை உண்டு. தலை துவட்டாமல் வந்தவனுக்கு ஸ்டோர் வாசலோடு சரி. “கையா இது, சொம்புத் தண்ணியா? தொடச்சிகினு வா.”

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் சாலையில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. தடித்த இரும்புத் தகடுகளை ஒட்டி உத்திரம், தூண், தொட்டி என்று செய்து அனுப்புகிறார்கள். அங்கே வெல்டிங் வயர் ஸ்டோருக்குப் பதினோரு வருடமாக இவர்தான் பொறுப்பு. வயது நாற்பத்தேழு. சேலைக்கு மேல் ஆண்கள் அளவில் தைத்த நீலக் கோட்டு. கோட்டுப் பையில் காற்றின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி. அது எழுபதைத் தாண்டினால் அம்மாளின் முகம் மாறும். ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்க முகம் மாறியேதான் இருக்கும். மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும் ஸ்டோர் கதவைச் சாத்திவிடுவார். டீ கிளாஸோடு யாரும் கிட்டே வரக்கூடாது, ஆவி பறக்கிறதாம்.

ஈரத்தோடு அவருக்குள்ள பகைக்குக் காரணம் உண்டு. பார்க்கக் கம்பியாக இருக்கும் அந்த வயர் உண்மையில் சணல் கனத்தில் ஒரு குழாய். வயிற்றுக்குள் மருந்துத் தூள். விலை குறைந்த ரகத்தில் தகட்டை மடித்துக் குழாயாக்கியிருப்பார்கள். மடிப்பின் இடுக்கு வழியாக ஈரம் ஏறும். இடுக்கே இல்லாத ரகமும் உண்டு, விலை கூட. ஏறிய ஈரம் வெல்டிங் சூட்டில் ஹைட்ரஜனாகப் பிரிந்து இரும்புக்குள் பதுங்கிக்கொள்ளும். ஒட்டிய அன்று ஒன்றும் தெரியாது. ஓரிரண்டு நாள் கழித்து வெடிப்பு விடும்.

“அப்பளக் கட்டப் பிரிச்சிப் போட்டா நமுத்துப் போவுதுல்ல? அப்பளம் நமுத்தா வாயி கெடும். இது நமுத்தா ஆளு மேல வுயும்.” ஆகவே பெட்டியில் ‘ஹெச்-4’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் தேடுவார். நூறு கிராம் வெல்டில் நாலு மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் சேராது என்பதற்கு அது அத்தாட்சி.

போன கார்த்திகையில் ஒரு வேலை வந்தது. மாமல்லபுரத்துப் பக்கம் கடற்கரையில் படகுகளைத் தூக்கும் கிரேனுக்கு ஓர் உத்திரம். ஐம்பது மில்லிமீட்டர் தகடு, அதிலும் கடினமான ரகம். பர்ச்சேஸ் மேனேஜர் சுப்புராமன் இருபது பெட்டி வயர் வாங்கி வந்து இறக்கினார். படூரில் அடுக்குமாடியில் குடியிருப்பவர், சலுகை விலை என்றால் நின்றுவிடுவார். பெட்டியெல்லாம் மடிப்பு ரகம். அட்டை ஒரு பக்கம் ஊறியிருந்தது.

“இத நான் குடுக்க மாட்டேன், சார்.”

“கொஞ்சம் ஓவன்ல வச்சு எடுங்கம்மா, காஞ்சிடும்.”

“வெல்டிங் ராடுன்னா வெக்கலாம் சார். வயரு சுத்தின சக்கரம் பிளாஸ்டிக்கு. போன தபா ஒருத்தர் வெச்சாரு, தோசை மாதிரி ஊத்திகினு வந்துது.”

அந்த ஒருத்தர் சுப்புராமன்தான். விஷயம் முதலாளி ஜெபகுமாரிடம் போயிற்று. அவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அதே தகட்டில் இரண்டு மாதிரி ஒட்டச் சொன்னார். ஒன்று சார் வயரில், இன்னொன்று அம்மாள் ஸ்டோரில் வைத்திருந்த இடுக்கில்லாத ஹெச்-4 வயரில். இரண்டு நாள் கழித்துப் பார்ப்போம் என்றார். ஆனந்தன் என்ற வெல்டர் இரண்டையும் ஒரே மாதிரி சூடேற்றி ஒட்டினான்.

ஒட்டி முடித்ததும் பார்த்தால் சுப்புராமன் துண்டுதான் அழகு. அவர் அதைப் படமெடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டார். அதற்குப் பதினான்கு கட்டைவிரல்கள் வந்தன. தெய்வநாயகி கையுறை எண்ணுகிற சாக்கில் அன்று மட்டும் ஒன்பது முறை துண்டுகள் கிடந்த மேசைப் பக்கம் போனார்.

“யக்கா, வெடிக்கலன்னா இன்னா பண்ணுவ?” என்றான் ஆனந்தன்.

தெய்வநாயகி எண்ணிய கையுறைகளையே மறுபடி எண்ணினார். மறுநாள் பஸ் ஏறும் முன் முருகன் கோயிலில் நின்று, “சின்னதா ஒரு வெடிப்பு குடுப்பா” என்று வேண்டிவிட்டார். வாசலுக்கு வந்ததும் வெட்கமாகப் போயிற்று. திரும்பிப் போய், “வயரு கெட்டதா இருந்தா மட்டும்” என்று திருத்திச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை இரண்டு துண்டிலும் சிவப்புச் சாயம் பீய்ச்சி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார்கள். வெடிப்பிருந்தால் அதில் தங்கிய சாயம் பொடியில் ஊறி வரும். அம்மாளுடைய துண்டு வெள்ளையாகவே இருந்தது. சுப்புராமன் துண்டில் வெல்டின் ஓரமாகச் சிவப்புக் கோடு ஒன்று மெல்ல ஊறி வந்து விரல் நீளத்துக்கு நின்றது.

“சாயம் சரியாத் துடைக்கலையோ?” என்றார் சுப்புராமன். மறுபடி துடைத்துத் தெளித்தார்கள். கோடு மறுபடி வந்தது. ஜெபகுமார் உத்திரத்துக்கு அம்மாளின் வயரையே போடச் சொல்லிவிட்டுப் போனார். “உங்க வயரு வூட்டு கேட்டுக்கு, ஜன்னல் கிரில்லுக்கு ஆவும் சார், தூக்கிப் போட வாணாம்” என்றார் தெய்வநாயகி. சுப்புராமன் தலையாட்டினார். காது சிவந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கிரேன் கம்பெனி இன்ஜினியர் வைஷாலி வேலையைப் பார்வையிட வந்துவிட்டாள். மேசையில் இரண்டு துண்டும் கிடக்கின்றன. சுப்புராமன் கைக்குட்டையைத் தேடினார். தெய்வநாயகி சிவப்புக் கோடு போட்ட துண்டை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார்.

“மேசை மேல இருக்கற வெல்டு ரொம்ப நல்லா இருக்கே. எந்த வயர்? யார் தேர்ந்தெடுத்தது?”

“ஹெச்-4மா. சாரும் நானும் பேசித்தான் முடிவு பண்ணோம்.”

“சரி, ஏன் தரையில உக்காந்திருக்கீங்க? நாற்காலி போடச் சொல்லட்டுமா?”

“இதான் சொகமா கீதுமா” என்ற தெய்வநாயகி, நீலக் கோட்டின் ஓரத்தை இழுத்து இரும்பின் நாலு மூலையையும் மூடிக்கொண்டார்.