அக்காவின் தலைவலி

என் அக்காவுக்குத் தலைவலி நின்றுபோனதற்கு நான்தான் காரணம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை. கேட்பவர்கள் என்னைப் பைத்தியம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாங்கள் புத்தலப்பட்டில் பிறந்தவர்கள். நைனா அவளைத் திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்தார், என்னைச் சித்தூரில். கொடுத்தபோது இரண்டும் ஒரே ஜில்லா. பிறகு ஆந்திர எல்லைத் தகராறைத் தீர்க்கிறோம் என்று அவள் ஊரை மட்டும் மதராஸ் பக்கம் சேர்த்துவிட்டார்கள். ரயில் அதே ரயில்தான், தூரமும் அதே தூரம்தான். ஆனால் அவள் மாமியாருக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. "வேற ராஜ்யத்துக்கு என்னாத்துக்கு அடிக்கடி போய்க்கினு இருக்கே?" என்று மறித்தாள்.

அக்கா பதிலுக்கு ஒரு சாக்கு கண்டுபிடித்தாள். சித்தூர்க் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் தலைவலிப் பொடி விற்பார்கள். சிவப்புக் காகிதப் பொட்டலம், மேலே தெலுங்கு எழுத்து. அந்தப் பொடிக்குத்தான் தன் தலைவலி கேட்கிறது என்று சொல்லிவிட்டாள். தபாலில் வரவழைக்கலாமே என்று மாமியார் கேட்டதற்கு, பொடி ஈரமாகிவிடும் என்றாளாம். மாமியாருக்கும் அவ்வப்போது மண்டையிடி உண்டு, அதனால் வாயை மூடிக்கொண்டாள். அப்படி மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா திருப்பதிக்குப் பக்கத்தில் திருச்சானூர் கோயிலுக்கு வருவாள், நான் பொடியோடு போவேன்.

தாயாரைச் சேவித்துவிட்டுக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் எங்கள் வாய் ஓயாது. பேசிக்கொண்டே அவள் என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிடுவாள். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொள்வேன். தலையை மட்டும் நகர்த்த மாட்டேன்.

முதலில் அது பொய்த் தலைவலிதான். மாமியார் பார்க்கட்டும் என்று ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். குடித்தால் சுறுசுறுப்பாக இருந்தது, விட்டால் மறுநாள் நெற்றி தெறித்தது. ஒரு வருஷத்துக்குள் பொய் நிஜமாகி, தினம் இரண்டு பொடி என்று ஆனது. போதாதென்று அவள் ஊர்க் கடையில் தமிழ் அச்சுப் போட்ட வெள்ளை மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். "இது எங்க ராஜ்யத்து மருந்து, அது உங்க ராஜ்யத்து மருந்துடீ. ரெண்டும் வேற வேற" என்று சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை முகம் வெளுத்துப்போய் வந்தாள்.

"ஏதாச்சும் துன்னியா?"

"விரதம்டீ. மருந்து மட்டும் போட்டுக்கினு வந்தேன். மருந்தால விரதம் கெடாது."

படியிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்தாள். எடுத்த வாந்தி காப்பித் தூள் நிறத்தில் இருந்தது. ஜட்காவில் போட்டுக்கொண்டு திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே அவள் கன்னத்தைத் தட்டினேன், திட்டவும் திட்டினேன்.

பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் டாக்டர் பொடியையும் மாத்திரையையும் என் எதிரில் வைத்து, "ரெண்டூ ஒகடே அம்மா" என்றார், இரண்டும் ஒன்றேதானாம். எழுத்துதான் வேறு, இரண்டிலும் இருப்பது ஆஸ்பிரின். தெரியாமலே அவள் ஒரே மருந்தை இரண்டு மடங்கு விழுங்கியிருக்கிறாள், அதுவும் வெறும் வயிற்றில். அது வலியை எப்படி அடக்குகிறதோ அப்படியே வயிற்றின் உள்தோலுக்கு இருக்கும் காவலையும் எடுத்துவிடும், புண்ணாகி ரத்தம் கசியும் என்றார். பொடியில் காப்பியில் இருக்கும் கஃபீனும் உண்டு, சுறுசுறுப்பு அதனால் வந்தது. தினமும் போட்டுப் பழகினால், போடாத நாளில் அதுவே தலைவலியைக் கொண்டுவருமாம். இன்னொரு வலி மருந்தும் அதில் இருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அதைப் பின்னாளில் விற்பதையே நிறுத்தினார்கள்.

"ஆஸ்பிரினை இனித் தொடவே கூடாது. சில நாள் தலை கூடுதலாக வலிக்கும், அப்புறம் அடங்கிவிடும்" என்றார்.

அன்று சாயங்காலம் அவள் புருஷன், எங்கள் மாமா, வருவதற்குள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவருகிட்ட பொடியப் பத்தி ஒண்ணும் சொல்லாதே. நான் குடிக்க மாட்டேன், சத்தியமா. சும்மா வாங்கிக்கினு மட்டும் போறேன்."

எனக்குப் பயம். வீட்டில் பொடி இருந்தால், வலி வரும்போது கை போகாமல் இருக்குமா? மாமாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து எந்த மாத்திரையானாலும் பின்பக்கம் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வாயில் போடுவதில்லை. இப்போது ஜலதோஷ மாத்திரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் கல்லீரலுக்கு ஆகாது என்று மருமகளிடம் சண்டை பிடிக்கிறேன். சரியான தொல்லை என்று அவள் முனகுவதும் காதில் விழுகிறது.

அந்த வருஷம் கார்த்திகையில் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "தலைவலி சுத்தமாக விட்டுவிட்டது. உடம்பு நன்றாக இருக்கிறது. இனி பொடி தேவையில்லை என்று அத்தை சொல்லிவிட்டார்கள். நீ தலையை நீயே நன்றாகப் பின்னிக்கொள்."

அந்த மாதமும் நான் திருச்சானூர் போனேன். தாயார் எதிரில் நின்று, அக்காவுக்கு ஒரே ஒரு தரம் தலை வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.